கதிரையைத் தேடினால் இடுப்பு வரும்: பல்கலைக்கழகத்தில் ஸ்பானியம் படிக்கப் போகிறவர்கள் செய்யும் பிழைகள்

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கும் பிள்ளைகளில் வருசத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னைத் தேடி வருவார்கள். கல்லடியில் இருந்தும் வருவார்கள், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் வருவார்கள். ஒருவருக்கு மெஸ்ஸி பேசுவது விளங்க வேண்டும். இன்னொருவருக்கு பார்சிலோனாவில் சொந்தக்காரர். மூன்றாமவர் உண்மையாகவே இலக்கியம் படிக்க ஆசைப்படுபவர். அவரைக் கண்டால்தான் எனக்குப் பயமும் சந்தோசமும் சேர்ந்து வரும். நான் இந்தப் பாடத்தில் வெளிநாட்டில் பட்டம் எடுத்தவன். எடுப்பதற்குள் செய்யக்கூடிய பிழை எல்லாம் செய்து முடித்தவன்.

பெரிய பிழை, ஸ்பானியத்துக்கு ஆங்கிலத்தின் வழியாகப் போவது. புத்தகம் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும், அதைக் குறை சொல்லவில்லை. மண்டைக்குள் நடக்கும் மொழிபெயர்ப்பைத்தான் சொல்கிறேன். 'மே குஸ்தா எல் மாங்கோ' என்ற வசனத்தை விளக்க ஆங்கிலப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் பாடுபடும். எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். நமக்கு என்ன கஷ்டம்? எனக்கு மாம்பழம் பிடிக்கும். 'மே' என்றால் எனக்கு. கதை முடிந்தது. 'மே துவேலே லா கபேசா' என்றால் எனக்குத் தலை இடிக்கிறது. அதே நாலாம் வேற்றுமை, அதே கட்டுமானம். இதை ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து திரும்ப ஸ்பானியத்துக்கு மாற்றுகிறவர், கல்லடியில் இருந்து காத்தான்குடிக்குப் போக வாழைச்சேனையைச் சுற்றுகிறார்.

'யோ' என்றால் நான். ஆங்கிலப் பழக்கத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அதைப் போடுவார்கள். 'ஆப்லோ' என்றாலே பேசுகிறேன் என்றுதான் பொருள். வினைமுற்றிலேயே ஆள் இருக்கிறார், தமிழைப் போல. சும்மா சும்மா 'யோ' போட்டால் நான், நான் என்று நெஞ்சில் தட்டிக்கொள்வது மாதிரிக் கேட்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. தமிழில் 'வீடு பார்த்தேன்' என்று சொல்லலாம், ஆனால் 'அக்கா பார்த்தேன்' என்று சொல்ல முடியாது. 'அக்காவை' என்று ஐ உருபு வந்தே தீர வேண்டும். ஸ்பானியத்திலும் செயப்படுபொருள் குறிப்பிட்ட ஒரு மனிதர் என்றால் முன்னால் 'ஆ' என்றொரு சொல் ஒட்ட வேண்டும், பொருளென்றால் வேண்டியதில்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதைப் பட்டம் வாங்கிய பிறகும் மறப்பார். உயர்திணை அஃறிணை படித்த பிள்ளை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும், யாராவது சொல்லிக் கொடுத்தால்.

'செர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைகளும் அப்படித்தான். நிரந்தரமானதற்கு முதலாவது, தற்காலிகமானதற்கு இரண்டாவது என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் செத்துப்போனவருக்கு எது வரும்? சாவைவிட நிரந்தரமானது எது? ஆனால் 'எஸ்தா முவெர்த்தோ', இரண்டாவதுதான். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இது: 'அவர் ஆசிரியர்' என்று தமிழில் வினையே இல்லாமல் சொன்னால் பெரும்பாலும் 'செர்'. 'அவர் வீட்டில் இருக்கிறார்', 'களைத்துப்போய் இருக்கிறார்' என்று 'இரு' வந்தால் பெரும்பாலும் 'எஸ்தார்'. நூற்றுக்கு நூறு சரியில்லை. ஆனாலும் அந்த நிரந்தரக் கதையைவிட மேல்.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு. மேசை பெண், புத்தகம் ஆண் என்பதற்கு நம்மிடம் எந்த உதவியும் இல்லை. சொல்லைத் தனியாகப் பாடமாக்காமல் 'லா மேசா', 'எல் லிப்ரோ' என்று முன்சொல்லோடு சேர்த்தே பாடமாக்குங்கள். ஓ-வில் முடிந்தால் ஆண், ஆ-வில் முடிந்தால் பெண் என்ற சூத்திரத்தை 'லா மானோ', அதாவது கை, முதல் வாரத்திலேயே உடைத்துவிடும்.

அடுத்தது, ஸ்பானியச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி வைத்துப் படிப்பது. நானே இங்கே அதைத்தான் செய்கிறேன், தெரிகிறது. இதைக் கொப்பியில் பார்த்து எழுதிவிடாதீர்கள். மெக்சிக்கோ நாணயமும் 'பெசோ', முத்தமும் 'பெசோ'. முதலாவது பாம்பின் ப, இரண்டாவது பஸ்ஸின் ப. தமிழெழுத்தில் எழுதி வைத்தவர் கடையில் இருபது முத்தம் நீட்டுவார். மறுபக்கம், ஞ நமக்குக் கிடைத்த வரம். 'ஆஞோ' என்றால் ஆண்டு. ஸ்பானியத்தில் ந-வின் மேல் ஒரு சின்ன அலைக்கோடு போட்டால்தான் அது ஞ ஆகும். என் முதல் விண்ணப்பக் கடிதத்தில் வயதைச் சொல்லும்போது அந்தக் கோட்டை விட்டுவிட்டேன். கோடில்லாத 'ஆனோ' என்றால் மலவாய். எனக்குப் பத்தொன்பது இருப்பதாக எழுதி அனுப்பினேன். இடம் கிடைத்தது, வாசித்தவர் பாவம் பார்த்திருக்க வேண்டும்.

இனி மட்டக்களப்பாருக்கென்றே உள்ள பொறி. போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டினார்கள், பத்து வருசத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். போர்த்துக்கேயச் சொற்கள் மட்டும் போகவில்லை, பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயம் கலந்து பிறந்த கிரியோல் மொழியே இன்னும் இருக்கிறது. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் அக்கா தங்கை என்பதால், நம் குசினியில் நின்று பார்த்தாலே பாதி ஸ்பானியம் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம் வரும். பாண் அங்கே 'பான்', மேசை 'மேசா', சப்பாத்து 'சப்பாத்தோ', துவாய் 'தோவாயா', குசினி 'கோசினா'. சரி, இவ்வளவும் உண்மை. அந்தத் துணிவில் கதிரையைக் கேட்கப் போய் 'கதேரா' என்றால் எதிரில் நிற்பவர் உங்கள் இடுப்பைப் பார்ப்பார். கதிரைக்கு அங்கே 'சீயா'. கழிசானும் வேண்டாம், அதன் ஸ்பானிய உறவுச் சொல் பல லத்தீன் அமெரிக்க நாடுகளில் பெண்களின் உள்ளாடை.

ஒரே ஒரு ஸ்பானியம்தான் உண்டு என்று நினைப்பதும் பிழை. இருபது நாடுகளில் அது அரச மொழி, ஆபிரிக்காவின் எக்குவற்றோரியல் கினி உட்பட. மெஸ்ஸிக்காக வரும் பிள்ளை 'நீ' என்பதற்குப் புத்தகத்தில் 'தூ' படிக்கும். ஆர்ஜென்டினாவில் அவர்கள் 'வோஸ்' என்பார்கள், வினையும் மாறும். 'என் பெயர்' என்பதற்கு 'மே யாமோ' என்று படித்தவர் அங்கே 'மே ஷாமோ' என்று கேட்டு முழிப்பார். ஸ்பெயினில் பஸ்ஸைப் 'பிடிக்க' எல்லோரும் சொல்லும் வினை, மெக்சிக்கோவிலும் ஆர்ஜென்டினாவிலும் படுக்கையறைச் சொல். மெக்சிக்கோக்காரர் 'ஆஓரீத்தா' என்றால் அகராதிப்படி இப்போதே. நடைமுறையில் அது நம்ம 'மறுகா', அதாவது பிறகு. எப்போது என்று கேட்கக்கூடாது.

படிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், சுருக்கமாக. மொழி கற்பதும் மொழியில் பட்டம் எடுப்பதும் வேறு வேறு. ஸ்பெயினில் ஹிஸ்பானிய மொழியியல் பட்டத்துக்குச் சேர்வது, ஒரு ஸ்பானியர் வந்தாறுமூலையில் உள்ள நம் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தமிழ் சிறப்புப் பட்டத்துக்குச் சேர்வது மாதிரி. பக்கத்தில் இருப்பவர்கள் தாய்மொழியில் படிப்பார்கள், ஒலியியலும் பழைய இலக்கியமும் பல இடங்களில் லத்தீனும் வரும். அடிமட்டத்தில் இருந்து மொழியையும் சேர்த்துச் சொல்லித்தரும் பட்டம் வேண்டுமென்றால் டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம், ஐதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம் போன்றவற்றைப் பாருங்கள். சான்றிதழுக்கு, ஸ்பெயின் அரசின் மொழி, கலாசார அமைப்பான செர்வாந்தஸ் நிறுவனத்தின் டெலே பரீட்சை இருக்கிறது, ஏ1 முதல் சி2 வரை ஆறு படி, ஒருமுறை எடுத்தால் காலாவதி இல்லை. அந்த நிறுவனத்துக்கு டெல்லியில் நிலையம் உண்டு. ஆறு மாதத்தில் சி1 என்று யாராவது ரியூசன் விளம்பரம் போட்டால் காசைக் கொடுக்காதீர்கள். அப்புறம், ஆர்வத்தில் செர்வாந்தஸ் எழுதிய 'தொன் கிஹோத்தே' நாவலில் தொடங்காதீர்கள். அது 1605இலும் 1615இலும் இரண்டு பாகமாக வந்த பழைய நடை. நான் தொடங்கி, ஆறாம் அத்தியாயத்தில் அகராதியைத் தூக்கி எறிந்தேன். மொன்தெரோசோ என்ற எழுத்தாளரின் ஒரு கதை மொத்தமே ஏழு சொல். அங்கிருந்து தொடங்கினால் குறைந்தது முடித்தோம் என்ற நிம்மதி வரும்.

கலாசாரம் என்றால் காளைச்சண்டையும் பிளமெங்கோவும் என்று போகிறவர்கள் இழப்பது அதிகம். 711இல் இருந்து 1492வரை அந்தத் தீபகற்பத்தில் முஸ்லிம் அரசுகள் இருந்தன. மதரசாவில் அரபு படித்த காத்தான்குடி, ஏறாவூர்ப் பிள்ளைகள் சீனிக்கு 'அசூகார்', எண்ணெய்க்கு 'அசெய்த்தே', தலையணைக்கு 'அல்மொஆதா' என்று கேட்டவுடன் சிரிப்பார்கள். மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்கள் அரபு எழுத்தில் ஸ்பானியம் எழுதி வைத்தார்கள். அல்ஹமியாதோ என்று பெயர். வீட்டில் வாப்பும்மாவின் அறபுத்தமிழ்க் கிதாபு கிடக்கும் பிள்ளைக்கு இதை யார் விளக்க வேண்டும்? அதே போல, ஸ்பானிய நிலத்தில் லத்தீனில் இருந்து பிறந்த பேச்சுமொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய காதல் வரிகள் ஹர்ச்சா எனப்படும் சின்னப் பாட்டுகள். ஒரு பெண் தன் தாயிடம் காதலனைப் பற்றிப் புலம்புவாள். வயல்வெளிக் கவி கேட்டு வளர்ந்த காதுக்கு அது புதுசே இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் வகுப்பில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஊர்க்கதை, பல்கலைக்கழகத்தில் எடுபடாது என்று நினைப்பார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஸ்பானியத்தில் 'தெசப்பரெசேர்' என்றால் காணாமல் போவது. 1976 முதல் 1983 வரை ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி ஆட்களைத் தூக்கியபோது அந்த வினையின் இலக்கணமே மாறியது: 'அவனைக் காணாமல் போனார்கள்' என்கிற மாதிரி, செய்தவரை எழுவாயாக வைத்து. காணாமல் போனவர்களின் தாய்மார் 1977இல் தலைநகரின் மாயோ சதுக்கத்தில் வெள்ளைத் துணி தலையில் கட்டிச் சுற்றத் தொடங்கினார்கள். நாம் 'காணாமல் போனோர்' என்பதை விட்டு 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொல்லத் தொடங்கியதும் இதே வேலைதான். விரிவுரையாளர் அந்த வினையை விளக்கிய நாளில் எனக்கு உடம்பு சில்லிட்டது, ஆனால் குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருதாவின் பாடத்திலும் அதுவே. 1929இல் அவர் கொழும்பில் சிலி நாட்டுத் துணைத்தூதராக இருந்தார், வெள்ளவத்தையில் வீடு. அவர் இறந்தபின் 1974இல் வந்த நினைவுக்குறிப்புகளில், தன் மலகூடத்தைச் சுத்தம் செய்ய வந்த தமிழ்ப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்ததையும், அவள் கண்ணைத் திறந்தபடி சிலை போலக் கிடந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கப் பார்த்தபோது சிலி நாட்டுப் பெண்கள் இந்தப் பக்கத்தை வைத்துத்தான் எதிர்த்தார்கள். வகுப்பில் எல்லோரும் காதல் கவிதைகளைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் இருந்த ஒரே தமிழன் நான், அந்தப் பக்கத்தை வாசித்தும் இருந்தேன். கை உயர்த்தவில்லை. கடைசி வருட ஆய்வுக்குத்தான் அதை எடுத்தேன். அந்தப் பெண்ணின் பெயரை நெருதா எழுதவில்லை. என் ஆய்விலும் அவளை 'அந்தப் பெண்' என்றுதான் எழுத வேண்டியிருந்தது.