டார்மர் வைக்கும் கூரை: பக்கத்து டிரஸ் தாங்குமா என்று கணக்குப் பார்ப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் ஓட்டுக்கூரை வீட்டில் டார்மர் (சரிவுக்கூரையிலிருந்து வெளியே எழும் ஜன்னல் அமைப்பு) எடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது டார்மரின் எடையை. கேட்க வேண்டியது, அந்த எடை எங்கே போய் இறங்குகிறது என்பது.

ஓட்டுக்கு டிரஸ்கள் (கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டங்கள்) வழக்கமாக 760 மி.மீ. இடைவெளியில் நிற்கும். நடுவில் இரண்டை எடுத்தால் திறப்பு 2.28 மீட்டர். வெட்டிய இரண்டின் பங்கும் டார்மரின் எடையும் இரு பக்க டிரஸ்கள் தலையில்தான்.

டார்மர் உள்நோக்கி 2 மீட்டர், அதன் கூரைச் சரிவு 26 டிகிரி என்று வைப்போம். ஓடு, பட்டை, மரம் சேர்ந்து சரிவுப் பரப்பில் ச.மீட்டருக்கு 0.65 கிலோநியூட்டன். இதைத் தரைப்பரப்புக்கு மாற்ற 0.9 ஆல் (கோசைன் 26) வகுத்தால் 0.72. பலர் தவறவிடும் இடம் இது. சீலிங்குக்கு 0.13 சேர்த்தால் 0.85. இனி ஒரு பக்கத்துக்கு (கிலோநியூட்டனில்):

கூரை: 2.28 × 2 × 0.85 ÷ 2 = 1.94
பக்கச்சுவர் (1.5 ச.மீ. × 0.3) = 0.45
முன் ஜன்னல் சுவரில் பாதி = 0.55

நிலைச்சுமை (எப்போதும் இருக்கும் எடை) மொத்தம் 2.94. கூரைமேல் ஏறும் ஆள், சாமான் வகைக்கு ச.மீட்டருக்கு 0.5 வீதம் 1.14. தென்னாப்பிரிக்கச் சுமைத் தரவிதியான சான்ஸ் 10160 சொல்லும் பெருக்கம் நிலைச்சுமைக்கு 1.2, ஏறும் சுமைக்கு 1.6. ஆக 3.53 + 1.82 = 5.35 கிலோநியூட்டன், ஏறக்குறைய 545 கிலோ. வெட்டிய டிரஸ்களின் மிச்சம் குறுக்குச்சட்டம் (வெட்டிய முனைகளைப் பக்க டிரஸ்களோடு இணைக்கும் மரம்) வழியாக வருவதைத் தனியாகக் கூட்டுங்கள்.

இதைக் கூரை முழுக்கப் பரப்பிப் போட்டால் கணக்கு பொய். குறுக்குச்சட்டம் டிரஸின் மேல்சட்டத்தில் முட்டும் இடம் அதன் கணுவில் (சட்டங்கள் கூடும் இணைப்பில்) இருக்க வேண்டும். இரு கணுக்களுக்கு நடுவே முட்டினால் மேல்சட்டம் வளையும். அதனால்தான் பக்க டிரஸை இரட்டையாக்கிச் சேர்த்து இறுக்குகிறார்கள். ஆணித்தகடு வைத்து ஆலையில் செய்த டிரஸை நீங்களாக ரம்பத்தால் அறுக்கவே கூடாது. பொறியாளர் வரைந்து தரட்டும்.

டார்மருக்குப் பின்னால் ஆள் புழங்கும் அறை என்றால் தரைக்கு ச.மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் வேண்டும். சீலிங் மட்டும் தாங்கச் செய்த கீழ்ச்சட்டம் அதற்கு நிற்காது. டார்மரைவிடப் பெரிய தலைவலி இதுதான்.

காற்றில் கணக்கு தலைகீழ்: அது கூரையை மேலே தூக்கப் பார்க்கும். நொடிக்கு 36 மீட்டர் வேகம் என்றால் அழுத்தம் 0.5 × 1.2 (காற்றின் அடர்த்தி) × 36² = 778 பாஸ்கல், அதாவது ச.மீட்டருக்கு 0.78 கிலோநியூட்டன். ஓரங்களில் உறிஞ்சல் இதைத் தாண்டும். நிலைச்சுமையில் 0.9 பங்கை மட்டும் எடுத்து மீதித் தூக்கலுக்குக் கட்டுப்பட்டை போடுங்கள். ஓட்டுக்குப் பதில் ஐபிஆர் ஷீட் (மடிப்பு வைத்த உலோகத் தகடு) என்றால் அதன் எடை ச.மீட்டருக்கு 5 கிலோ அளவுதான். அங்கே காற்றுக்கணக்கை முதலில் போடுங்கள்.