மட்டக்களப்பு வெயிலில் சிறுத்தைப் பல்லி இனப்பெருக்கம்

கூட்டில் வைத்து வளர்க்கப்படும் சிறுத்தைப் பல்லியின் ('லெபர்ட் கெக்கோ') தாயகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் கல்லும் காய்ந்த புல்லும் நிறைந்த வறள்நிலம். அங்கே கோடை சுடும், குளிர்காலம் உண்மையாகவே குளிரும். குளிர்நாட்டார் எழுதிய வளர்ப்புக் குறிப்புகள் கூட்டை எப்படிச் சூடாக்குவது என்றே விளக்குகின்றன. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருப்பவருக்கு அதைச் சூடேறாமல் காப்பதே வேலை.

முதலில் சட்டம். நம் காட்டுப் பல்லியினங்கள் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவதால் அவற்றைப் பிடித்து வளர்க்கக்கூடாது. வெளிநாட்டு உயிரினத்துக்கும் முறையான அனுமதி வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்தில் விசாரித்து, பத்திரம் உள்ள விலங்கை மட்டும் வாங்குங்கள். குஞ்சுகள் மிஞ்சினாலும் வெளியில் விட்டுவிடாதீர்கள்.

நான் காட்டுநிற வகையை விரும்புவதற்குக் காரணம் உண்டு. நிறத்துக்காகத் தெரிவு செய்யப்பட்ட சில வகைகள் நோயையும் சேர்த்தே சுமக்கின்றன: 'எனிக்மா' வகைக்குத் தலை சாய்ந்து சமநிலை தவறும், 'லெமன் ஃப்ரொஸ்ட்' வகைக்குத் தோலின் நிறக் கலங்களில் கட்டிகள் வரும். ஆனால் மஞ்சள் உடலில் கறுப்புப் புள்ளி இருந்தால் மட்டும் அது காட்டுவகை ஆகிவிடாது. பாட்டன் வெளிறியாக (கறுப்பு நிறமி இல்லாததாக) இருந்தால் அந்தப் பண்பு பேரனில் ஒளிந்திருந்து அடுத்த தலைமுறையில் வெளிப்படலாம். ஆகவே பெற்றோரின் பதிவைக் கேட்டு வாங்குங்கள். ஒரே தாயின் பிள்ளைகளைச் சோடி சேர்க்க வேண்டாம்.

ஆணுக்குக் கழிதுளையின் முன்னே தலைகீழ் 'வி' வடிவில் மெழுகு கசியும் துளைகளும், வாலடியில் இரு புடைப்புகளும் இருக்கும். பெண் ஒரு வயது தாண்டி, 50 கிராமை எட்டி, வால் தடித்திருக்க வேண்டும், ஏனெனில் முட்டைக்கான கொழுப்பு வாலிலிருந்தே போகிறது. மெலிந்த பெண்ணைச் சேர்த்தால் ஒரே பருவத்தில் அவள் எலும்பும் தோலுமாகிவிடுவாள். இரண்டு ஆண்களை ஒரு கூட்டில் விடவே கூடாது.

காலக்கணக்கை நம் காற்றைப் பார்த்துத்தான் போட வேண்டும். வாடைக்காற்றும் மாரி மழையும் இருக்கும் மார்கழி, தை மாதங்களில் வெப்பத் தகட்டின் சூட்டைச் சில நாள்களில் படிப்படியாகக் குறைத்து அணைத்து, விளக்கு நேரத்தைப் 10 மணித்தியாலமாக்கினால், குளிரூட்டி இல்லாமலே ஆறு வார ஓய்வு கிடைத்துவிடும். கடுங்குளிர் கட்டாயமில்லை. இந்நாள்களில் ஈரம் மிகுவதால் விரிப்புக் காகிதத்தை அடிக்கடி மாற்றுங்கள். மழை ஓய்ந்ததும் சூட்டைத் திரும்பக் கொடுத்து, மாசியில் ஆணைப் பெண்ணின் கூட்டில் ஓரிரு நாள் விடுங்கள். ஆண் வால்நுனியைத் தரையில் அதிரவைத்து உறுமுவதுபோல ஒலியெழுப்பும், பிறகு கழுத்தைக் கவ்வும். பெண் திருப்பிக் கடித்தால் உடனே பிரித்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள்.

மூன்று வாரமளவில் அவளின் வயிற்றுத் தோலினூடே இரண்டு வெள்ளை நீள்வட்டங்கள் தெரியும். மூடியில் துளையிட்ட பெட்டியில் ஈரத் தும்புத்தூளை விரலளவு ஆழத்துக்கு நிரப்பி வையுங்கள். உணவிலே சுண்ணாம்புச்சத்துத் தூளைத் தவறாமல் தூவுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு முட்டை. ஒரே சேர்க்கையின் விந்தைச் சேமித்து வைத்து மேலும் சில தடவைகள் இடுவாள். எனவே பத்துக் குஞ்சுகளுக்கு இடமும் ஏற்பவர்களும் உண்டா என்பதைச் சேர்ப்பதற்கு முன்னரே எண்ணிப் பாருங்கள்.

அடைகாப்பில்தான் நான் முதல் ஆண்டு தோற்றேன். கோழிமுட்டைப் பொரிப்பான் ஒன்றை இரவல் வாங்கி நான்கு முட்டைகளை வைத்தேன். அது 37.5 பாகைக்கு அமைந்திருந்ததோடு, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை முட்டைகளைப் புரட்டவும் செய்தது. பல்லிமுட்டைக்கு இரண்டும் நஞ்சு. எடுக்கும்போதே மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி எப்போதும் மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். வெர்மிகுலைட்டும் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) அதே எடைத் தண்ணீரும் கலந்து, கையால் பிழிந்தால் சொட்டாத பதத்தில் ஒரு டப்பாவில் இட்டு, முட்டையைப் பாதியளவு புதையுங்கள்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது அடைகாப்பின் முற்பகுதியில் நிலவும் வெப்பம். 26, 27 பாகையில் பெரும்பாலும் பெண். 30 பாகையளவில் இரண்டும். 32 பாகைக்குச் சற்று மேலே பெரும்பாலும் ஆண். 34ஐத் தாண்டினால் மீண்டும் பெண்ணாகும், ஆனால் அந்தச் சூட்டில் கரு சாகும் ஆபத்தும் கூடவே வருகிறது. வைகாசிக்குப் பின் கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் நடுப்பகலில் ஓட்டு வீட்டின் அறை தானாகவே அந்த எல்லையைத் தொடும். மாசியில் சேர்க்கச் சொல்வதும் இதனால்தான்: முதல் முட்டைகள் கச்சானுக்கு முன் பொரித்துவிடும். மீன் வியாபாரிகள் ஐஸ் போடும் ரிஜிபோம் பெட்டியை வாங்கி, வீட்டின் நடு அறைத் தரையில் வைத்து, உள்ளே முட்டை டப்பாவோடு நான்கைந்து தண்ணீர்ப் போத்தல்களை நிறுத்துங்கள். தண்ணீர் மெதுவாகவே சூடேறி மெதுவாகவே ஆறுவதால், மின்தடையிலும் உள்வெப்பம் சட்டென மாறாது. உறைந்த போத்தலை வைக்க வேண்டாம்.

ஒரு வாரத்தில் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால் நல்ல முட்டைக்குள் இளஞ்சிவப்பு வளையமும் நரம்பும் தெரியும். 27 பாகையில் ஏறத்தாழ இரண்டு மாதமும், 32இல் ஒன்றரை மாதமும் செல்லும். கடைசி நாள்களில் முட்டை வியர்த்துக் குழி விழும். பயந்து கிள்ளிப் பார்க்காதீர்கள். குஞ்சு உள்ளிருந்து கீறி, மூக்கை மட்டும் வெளியே நீட்டியபடி பல மணித்தியாலம் ஓய்வெடுக்கும்.

எங்கள் அம்மம்மா, இந்தப் பல்லி மேலே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினார். இதற்குச் சுவரில் ஏறும் ஒட்டுவிரல் கிடையாது, எனவே விழ வாய்ப்பில்லை என்றேன். கண்ணிமையைக் காட்டியபோதுதான் இது வேறு சாதி என்று நம்பினார்.

குஞ்சு மூன்று கிராமளவில், கறுப்பும் மஞ்சளும் மாறி மாறிப் பட்டை போட்டதாகப் பிறக்கும். வளர வளரப் பட்டைகள் உடைந்து புள்ளியாகும். ஒவ்வொன்றையும் தனிப்பெட்டியில் ஈரக் காகிதத்தின் மேல் விடுங்கள். முதல் தோலை உரிக்கும் வரை, மூன்று நான்கு நாள், அது உண்ணாது. பிறகு தலையின் அகலத்துக்கு மிகாத, தவிட்டில் நாமே வளர்த்த புழுவைக் கொடுங்கள். படுவான்கரை வயலில் பிடித்த வெட்டுக்கிளியில் பூச்சிநாசினி இருக்கக்கூடும், அது வேண்டாம். புழு நெளிந்ததும் குஞ்சு அசையாமல் நின்று, வாலின் நுனியை மட்டும் பூனைபோல ஆட்டி, பிறகு பாயும். அப்படி ஒழுங்காக வேட்டையாடி எடை கூடத் தொடங்கும் வரை எந்தக் குஞ்சையும் கைமாற்ற வேண்டாம்.