அப்பாவின் ஜீவிய சரித்திரத்தை எழுதுவது எப்படி?

சென்னையின் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒருவர் மறைந்தால், அடக்க ஆராதனையிலோ பின்னர் நடக்கும் நினைவுக் கூட்டத்திலோ அவருடைய ஜீவிய சரித்திரத்தை வீட்டார் ஒருவர் வாசிப்பது வழக்கம். பெரும்பாலும் அது முந்தின இரவு அவசரமாக எழுதப்படுவதால், பெரம்பூரில் வாசிக்கப்படுவதும் இராயபுரத்தில் வாசிக்கப்படுவதும் பெயரையும் தேதியையும் மாற்றிவிட்டால் ஒன்றாகவே இருக்கின்றன. கடின உழைப்பாளி, குடும்பப் பாசம் மிக்கவர், தேவபக்தியுள்ளவர் என்ற மூன்று அடைமொழிகளும் பொய்யல்ல. ஆனால் அவற்றைக் கேட்கும் எவருக்கும் அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வருவதில்லை. அடக்கத்தன்று பிறப்பு, திருமணம், பணி, பிள்ளைகள் என்று பத்து வரி போதும். முழுக் குறிப்பை முப்பதாம் நாளுக்கோ முதலாம் ஆண்டு நினைவுக்கோ என்று தள்ளி வைத்து, அதற்குள் பொருளைத் திரட்டுங்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு நினைவு மலர் அச்சிடும் இந்துக் குடும்பங்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் பீரோவில் இருக்கும் காகிதங்களைப் பாருங்கள். பிறந்த தேதியிலேயே சிக்கல் தொடங்கும். அந்தத் தலைமுறையினர் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது ஒரு தோராயமான தேதியைக் கொடுத்துவிட்டார்கள். அதுவே பணிப் பதிவேட்டிலும் ஓய்வூதிய ஆணையிலும் தொடர்ந்திருக்கும். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தால், சொந்த ஊர்ச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் உண்மைத் தேதி இருக்க வாய்ப்புண்டு. அந்தச் சபையின் போதகரிடம் எழுத்தில் கேட்டால் நகல் பெறலாம். இரண்டு தேதிகளும் வேறுபட்டால், கல்லறைக் கல்லில் பொறிப்பதற்கு முன்பே எதை ஏற்பது என்று குடும்பமாக முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் கருத்தில், இந்தக் காகிதங்களில் மிகுந்த மதிப்புடையது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்குப் புத்தகம். அதில் முன்பணம் எடுத்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் வீட்டில் ஒரு காரியம் நடந்திருக்கும்: மூத்த மகளின் கல்யாணம், மகனின் கல்லூரிக் கட்டணம், ஆவடிப் பக்கம் வாங்கிய மனை, தம்பியின் அறுவை சிகிச்சை. அந்தத் தேதிகளை வரிசையாக எழுதி, எதிரே என்ன நடந்தது என்பதைத் தாயாரிடம் கேட்டுக் குறியுங்கள். அடகுக் கடை ரசீதுகளும் சீட்டுக் கணக்கு எழுதிய நோட்டும் கிடைத்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் தம் குடும்பத்துக்காக என்ன செய்தார் என்பதை அவருடைய கையொப்பத்தோடு சொல்லும் ஆவணங்கள் இவையே. கூட்டத்தில் தொகைகளை வாசிக்க வேண்டியதில்லை. எதற்காக எடுத்தார் என்பதைச் சொன்னால் போதும்.

அடுத்து அவர் செய்த வேலை. "ஐ.சி.எஃப்.பில் பணியாற்றி ஓய்வு பெற்றார்" என்று ஒரே வரியில் நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிடாதீர்கள். 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த அந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பெட்டியின் கூட்டை உருவாக்கும் ஷெல் பிரிவும், இருக்கை, விளக்கு முதலியவற்றைப் பொருத்தும் ஃபர்னிஷிங் பிரிவும் வெவ்வேறானவை. இரண்டாவது 1962-இல்தான் வந்தது. அவர் எதில் இருந்தார், வெல்டராக இருந்தாரா தச்சராக இருந்தாரா, எந்த ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தார், வில்லிவாக்கத்திலிருந்து சைக்கிளில் போனாரா, கண்ணும் தோளும் எந்த வயதில் வலிக்கத் தொடங்கின என்பவை தெரிய வேண்டும். துறைமுகம், பின்னி மில், எண்ணூரின் தொழிற்சாலைகள், பாரிமுனையின் மொத்தக் கடைகள் என எங்கு உழைத்தவருக்கும் இது பொருந்தும். வீட்டாருக்கு இதில் பாதி தெரியாது. கூட வேலை செய்த ஒருவரைத் தேடிப் போங்கள். ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் உட்கார்ந்தால், மேற்பார்வையாளரிடம் யாருக்காக வாதாடினார், யாருக்கு ஜாமீன் கையொப்பம் போட்டார் என்பதெல்லாம் வெளிவரும்.

வீட்டாரிடம் கேட்கும்போது "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள், நீங்கள் தவிர்க்க நினைக்கும் அடைமொழிகளே பதிலாக வரும். சம்பள நாளில் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வார், கோபம் வந்தால் எங்கே போய் உட்காருவார், மீன் வாங்கக் காசிமேட்டுக்கு யாரை அழைத்துப் போவார் என்று கேளுங்கள். பிள்ளைகளை ஒரே இடத்தில் வைத்துக் கேட்பதும் சரிவராது. மூத்தவள் அறிந்தவர் ஓவர்டைம் முடித்துத் தூங்கி வழிந்த இளைஞர். கடைசி மகன் அறிந்தவர் ஓய்வு பெற்றுப் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இருவரும் சொல்வது முரண்பட்டாலும் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். தாயாரிடம் தனியாகப் பேசுங்கள். அப்பா வேலைக்குப் போன நேரமெல்லாம் தண்ணீர் பிடித்ததும், ரேஷன் கடையில் நின்றதும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டதும் அந்த அம்மையார்தான். "நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்" என்று அப்பா ஒருவருடைய பெயரில் மட்டும் எழுதுவது நேர்மையாகாது. சிறுவயதில் இறந்த குழந்தை இருந்தால், அதன் பெயரைச் சேர்ப்பதா என்பதையும் தாயாரே தீர்மானிக்கட்டும்.

பெரியவர்கள் ஆண்டுகளை நினைவில் வைப்பதில்லை. பொது நிகழ்ச்சிகளைக் கொண்டே காலத்தைக் குறிப்பார்கள். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. ஆழிப்பேரலை வந்தது 2004 டிசம்பர் 26, அது ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை யார் ஆலயத்தில் இருந்தார்கள் என்பது பலருக்கும் நினைவிருக்கும். வர்தா புயல் 2016 டிசம்பர் 12. ஊருக்குப் பேருந்து ஏறிய கதைகளையும் இப்படிச் சரிபார்க்கலாம்: கோயம்பேடு பேருந்து நிலையம் 2002-இல் திறக்கப்பட்டது; அதற்கு முன்பு என்றால் அவர் பெரும்பாலும் பாரிமுனையில்தான் ஏறியிருப்பார். 2015 வெள்ளத்தில் ஆல்பங்களை இழந்த வீடுகள் ஏராளம். அப்படியானால் உறவினர் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் தேடுங்கள். பின்வரிசையில் அவர் நின்றிருப்பார்.

விசுவாசத்தைப் பற்றி எழுதுவதுதான் கடினம். "ஜெப வீரர்" என்று எழுதுவதைவிட, அவருடைய வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். எந்தச் சங்கீதத்தின் ஓரம் அழுக்கேறியிருக்கிறது, எந்த வசனத்தின் அடியில் கோடு இருக்கிறது, டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புத்தாண்டுக்கென்று எடுத்த வாக்குத்தத்த வசன அட்டைகளில் எந்த ஆண்டுகளுடையவற்றைப் பத்திரப்படுத்தினார் என்று கவனியுங்கள். நினைவு அட்டைகளில் திரும்பத் திரும்ப அச்சாகும் இரண்டாம் தீமோத்தேயு நான்காம் அதிகாரம் ஏழாம் வசனத்துக்கு ("நல்ல போராட்டத்தைப் போராடினேன்") பதில், அவரே கோடிட்ட வசனத்தைப் போடுங்கள். சபையில் அவர் வகித்த பதவிகளைச் சுருக்கி, ஆராதனை முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கியதையும், காணிக்கை எண்ணும்போது இரண்டு முறை சரிபார்த்ததையும் எழுதலாம். சந்தேகப்பட்ட காலம், ஆலயத்துக்குப் போகாத ஆண்டுகள் இருந்திருந்தால், தாயார் சம்மதித்தால், அதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். கத்தோலிக்கர் என்றால், திருப்பலியின் எந்தக் கட்டத்தில், எத்தனை நிமிடம் பேசலாம் என்பதைப் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முன்கோபத்தை மறைக்க வேண்டியதில்லை; அதனால் காயப்பட்டவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். சொத்துப் பேச்சு எந்த வடிவிலும் வேண்டாம்.

எழுதும்போது பிறப்பிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயமில்லை. அவருடைய சாதாரண வேலைநாள் ஒன்றைக் காலை முதல் இரவுவரை எழுதிவிட்டுப் பிறகு ஊருக்கும் பிறப்புக்கும் போனால், கேட்பவர்கள் தொடக்கத்திலேயே அவரைக் கண்டுவிடுவார்கள். நிதானமாக வாசிக்க 400 சொற்களுக்கு ஐந்து நிமிடம் வரை ஆகும். அதற்குமேல் கூட்டம் தாங்காது. மிஞ்சியதை நினைவு மலரில் சேருங்கள். மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயரில் ஒன்றுகூட விடுபடாதபடி இருவர் சரிபார்க்க வேண்டும். பத்தாண்டு கழித்தும் பேசப்படும் குறை அதுதான். உங்கள் குரல் உடையும் என்று தோன்றினால், இன்னொரு பிரதியை உறவினர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால், அந்தக் கோப்பு பிற்பாடு அந்த எழுத்துரு இல்லாத கணினிகளில் எழுத்து எழுத்தாகச் சிதைந்து தெரியும். யூனிகோடில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, நேர்காணல் ஒலிப்பதிவுகளோடும் பி.எஃப். புத்தகத்தின் படங்களோடும் சேர்த்து, குடும்பத்தில் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.