பூஸ்டரை எங்கே இறக்குவது? வரைபடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதிலிருந்து, நாகர்கோவிலில் நான் வழிகாட்டும் கல்லூரி மாணவர்களிடையே ஒரே தலைப்புக்குத்தான் போட்டி: திரும்பிவரும் பூஸ்டர், அதாவது ராக்கெட்டின் முதல் நிலை, எங்கே இறங்கும்? இந்த ஆர்வம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் என் தலைமுறை செய்த பிழைகளையே இவர்களும் செய்கிறார்கள். அலகு மாற்றும் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே வெளிப்பட்டுவிடும்.

நீலமெல்லாம் காலியிடம் என்று எண்ணுவது

குமரிமுனைக்குத் தெற்கே ஒரு வட்டம் போட்டு, "இங்கே யாருமே இல்லை சார்" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்த நீலத்தில்தான் வாட்ஜ் பேங்க் என்னும் மீன்வளத் திட்டு இருக்கிறது. தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் தங்குகடலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அப்படி வட்டம் போட்ட ஒரு மாணவரின் தந்தையே அப்போது ஆழ்கடலில்தான் இருந்தார்.

சில நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். அதற்கும் முன்பே புறப்பட்டுவிட்ட படகுக்கு யார் போய்ச் சொல்வது? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கரையில் கொடுத்த எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்தவர்களை எட்டவில்லை. இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அதை மறக்கலாமா?

தரையில் இறக்கினாலும் கடல் விட்டுவிடாது. ஏவிய கரைக்கே திரும்பும், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் பூஸ்டர் முதலில் கடலைத்தான் குறிவைக்கிறது; எல்லாம் ஒழுங்காக இயங்கினால் மட்டுமே கடைசியில் தளத்தை நோக்கி நகர்கிறது. 2018 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் கேப் கனாவரலில், பூஸ்டரைத் திசைதிருப்பும் துடுப்புகளை இயக்கும் ஹைட்ராலிக் பம்பு நின்றுபோய், பூஸ்டர் கரையோரக் கடலிலேயே இறங்கியது. நம் கரையோரத்தில் வள்ளங்கள் அல்லவா நிற்கும்!

ஆகவே புள்ளி வைக்காதீர்கள். பூஸ்டர் பிரியும் இடத்திலிருந்து தளம்வரை ஒரு பட்டையாக வரையுங்கள். பிறகு துறைமுகத்துக்குப் போய், எந்த மாதத்தில் எங்கே படகுகள் நிற்கும் என்று கேளுங்கள். விசைப்படகுத் தடைக்காலம் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் ஒன்றாக இருப்பது ஜூன் முதல் இரு வாரங்கள் மட்டுமே. அப்போதும் நாட்டுப்படகுகள் கடலில் இருக்கும்.

நேராகக் கீழே விழும் என்று நினைப்பது

ஃபால்கன் 9 பூஸ்டர் பிரியும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2 கி.மீ. அது வந்து இறங்கும் கப்பல் நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளி நிற்பது அதனால்தான். ஏவிய இடத்துக்கே திரும்ப வேண்டுமானால் எரிபொருளை மிச்சம் வைக்க வேண்டும். செயற்கைக்கோளின் எடையை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டியிருக்கும்.

சித்ரதுர்காவை உதாரணம் காட்டுவது

2023, 2024-இல் கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் இஸ்ரோ இறக்கியது, ஹெலிகாப்டரிலிருந்து விடுவித்த இறக்கை ஊர்தி. அது பூஸ்டர் அல்ல.

எஸ்.எஸ்.எல்.வி.க்கு இறங்குதளம் வரைவது

இஸ்ரோவின் இந்தச் சிறு ராக்கெட்டில் முதல் மூன்று நிலைகளும் திட எரிபொருள். அணைத்துவிட்டு, இறங்கும்போது மறுபடி பற்றவைக்க முடியாது.