இலக்கணம் சரி, பொருள்தான் தலைகீழ்: ஆங்கிலம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

வீட்டில் நகை காணாமல் போய்விட்டது; டிரைவர் மேல் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். புகாரை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ‘ஐ டவுட் தட் மை டிரைவர் டுக் இட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பொருள், ‘டிரைவர் எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை’ என்பது. யார்மீது புகார் கொடுக்க வந்தாரோ அவருக்கே நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தாயிற்று.

இங்கே வர வேண்டிய சொல் ‘சஸ்பெக்ட்’. தமிழில் இரண்டுமே சந்தேகம்தான் என்பதால் வரும் வினை இது. ஒன்று நடந்திருக்கும் என்று நினைத்தால் சஸ்பெக்ட். நடந்திருக்காது என்று நினைத்தால் டவுட். ‘ஐ சஸ்பெக்ட் இட் வில் ரெயின்’ என்கிறவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார், ‘ஐ டவுட் இட் வில் ரெயின்’ என்கிறவர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். ஆளைப் பற்றிப் பேசும்போதும் இதே கதைதான்: ‘ஐ டவுட் ஹிம்’ என்றால் அவர் சொல்வதை நம்பவில்லை, ‘ஐ சஸ்பெக்ட் ஹிம்’ என்றால் அவர்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வகுப்பில் கையைத் தூக்கி ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். நம் ஊரில் அது யாருக்கும் உறுத்தாது, அதைத் திருத்திக்கொண்டு திரிவதும் வீண் வேலை. ஆனால் லண்டனில் இருக்கும் அதிகாரிக்கு ‘ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் ரிப்போர்ட்’ என்று மின்னஞ்சல் போனால், அறிக்கையில் ஏதோ கோளாறு என்று சொல்வதாகவே அவர் எடுத்துக்கொள்வார். கேட்க வந்தது விளக்கம் என்றால் ‘கொஸ்டின்’ என்ற எளிய சொல் போதும்.

புகாருக்கே திரும்புவோம். ஊருக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்து நகையை எடுத்துப் போனால், நம் செய்தித்தாள்கள் அதைக் ‘கொள்ளை’ என்றே எழுதும். அதைப் பார்த்துப் புகாரில் ‘ராபரி’ என்று எழுதிவிடுகிறார்கள். சட்டத்தில் அப்படி இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் தெஃப்ட், அதாவது திருட்டு, 303ஆம் பிரிவு, ராபரி 309, டகாய்ட்டி 310. அடித்தோ மிரட்டியோ பறித்தால்தான் ராபரி. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் டகாய்ட்டி. 1860ஆம் ஆண்டின் பழைய தண்டனைச் சட்டத்திலும் இந்தப் பாகுபாடு இப்படித்தான் இருந்தது. ஆளில்லாத வீட்டில் நடந்தது ஹவுஸ்பிரேக்கிங்கும் தெஃப்டும். எந்தப் பிரிவு என்பதைச் சம்பவத்தைப் பார்த்துக் காவல்துறைதான் முடிவு செய்யும். ஆனாலும் ராபரி என்று எழுதிக் கொடுத்தால், ‘யார் மிரட்டியது, எந்த இடத்தில்?’ என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சந்தேகத்தைப் போலவே சிக்கலானது நம்பிக்கை. ஹோப், பிலீவ், டிரஸ்ட் மூன்றையும் ‘நம்பு’ என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறோம். ஹோப்பில் விருப்பம் உண்டு, உறுதி இல்லை. பிலீவில் உறுதி உண்டு, விருப்பம் இருக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவரைப் பற்றி, ‘இறந்துவிட்டதாக நம்பப்படுகிறது’ என்று தமிழில் எழுதுகிறோம் அல்லவா? அது பிலீவ். அந்த இடத்தில் ‘ஐ ஹோப் ஹீ இஸ் டெட்’ என்று எழுதினால் சாபம் ஆகிவிடும். விடுப்புக் கடிதத்தில் ‘ஐ பிலீவ் யூ வில் அப்ரூவ்’ என்பது மேலதிகாரிக்குச் சற்று அதிகாரமாகக் கேட்கும். ‘ஐ ஹோப்’ என்பதுதான் அங்கே பணிவு. டிரஸ்ட் என்பது ஆளின் நேர்மைமேல் வைப்பது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பைச் செய்தவர்களுக்கும் இந்த நெருக்கடி இருந்திருக்க வேண்டும். 1 கொரிந்தியர் 13:13இல் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று வரும் இடத்தில், ஃபெய்த்துக்கு விசுவாசத்தைக் கொடுத்துவிட்டு நம்பிக்கையை ஹோப்புக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

கடன் விஷயம் எளிது, ஆனாலும் தவறுகிறார்கள். பாரோ என்றால் வாங்குவது, லெண்ட் என்றால் கொடுப்பது. ‘கேன் யூ பாரோ மீ எ பென்’ என்று கேட்பது பிழை. ‘கேன் யூ லெண்ட் மீ’ அல்லது ‘கேன் ஐ பாரோ’. நிழலிலும் அப்படித்தான்: மரத்தடியில் ஒதுங்குவது ஷேட், சுவரில் விழும் உங்கள் உருவம் ஷேடோ.

கெடு சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘ஐந்து மணிக்குள்’ என்பதை ‘வித்தின் ஃபைவ் ஓ கிளாக்’ என்று எழுதுகிறார்கள். வித்தின் என்பது கால அளவோடு வரும்: ‘வித்தின் ஃபைவ் ஹவர்ஸ்’. கடிகாரத்தில் ஒரு நேரத்தையோ காலண்டரில் ஒரு நாளையோ சொன்னால் ‘பை’. ‘இன் டென் மினிட்ஸ்’ என்றால் இப்போதிலிருந்து பத்து நிமிடம் கழித்து. பத்து நிமிடம் முடியும் முன்பே வந்து நிற்பேன் என்ற வாக்குறுதி அதில் இல்லை. ‘டில்’ என்பது தொடர்ந்து நடப்பதற்கு: அலுவலகம் வெள்ளிக்கிழமை வரை திறந்திருக்கும் என்பதற்குப் பொருந்தும். வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தை அனுப்பு என்று சொல்ல ‘பை ஃப்ரைடே’தான். அதிலும் வெள்ளிக்கிழமை சேர்த்தியா இல்லையா என்று சில அலுவலகங்களில் வாக்குவாதம் நடக்கும் என்பதால், தேதியோடு மணியையும் எழுதிவிடுங்கள்.