தோத்துக்கிட்டே இருக்கிற நார்த் மெல்போர்னை சீசன் முழுக்க விடாம பார்க்கிறது எப்படி

மெல்போர்ன்ல ஃபுட்டி (ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்) பார்க்கிற நம்மாளுங்க நிறைய பேர் டீம் எடுக்கிறதே அந்த வருஷம் யார் ஜெயிக்கிறாங்கன்னு பார்த்துதான், அது அவங்க இஷ்டம், இந்த பதிவு அவங்களுக்கு இல்ல. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரராலயோ, குடியிருக்கிற ஏரியாவாலயோ, பிள்ளை ஆஸ்கிக்குக்கு (சின்னப் பசங்களுக்கான ஃபுட்டி பயிற்சி) போட்டுட்டு போன நீல வெள்ளை கோடு போட்ட ஜெர்சியாலயோ நார்த்துக்கு வந்து சேர்ந்து, இனிமே மாற மாட்டேன்னு உறுதியா இருக்கிறவங்களுக்கு எழுதுறேன்.

முதல்ல நிலைமையை நேரா பார்த்துடுங்க. 2020ல இருந்து 2025 வரைக்கும் நார்த் முடிச்ச இடம் 17, 18, 18, 17, 17, 16. மொத்தமே 18 டீம். இதை தெரிஞ்சு வச்சுக்கிட்டு மார்ச்ல சீட்ல உட்காருங்க, "இந்த வருஷம் கண்டிப்பா ஃபைனல்ஸ்"னு ஆரம்பிக்கிறவங்கதான் மே மாசம் டிவியை ஆஃப் பண்ணிட்டு போறாங்க, அப்புறம் நல்ல ஆட்டம் வர்றப்ப அவங்க இருக்கிறதில்ல. சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எதை எதிர்பார்க்கிறோம்னு மூணு விஷயம் எழுதி வச்சுக்கோங்க, அதுல ஜெயிக்கிற மேட்ச் எண்ணிக்கை ஒண்ணா இருக்கட்டும், மத்த ரெண்டும் ஆட்டம் எப்படி இருக்கணும்ங்கிறதை பத்தி இருக்கட்டும். உதாரணத்துக்கு, கடைசி க்வார்ட்டர்ல கை விடாம ஓடணும், இருபது வயசு பசங்க ரெண்டு பேராவது டீம்ல நிரந்தரமா இடம் பிடிக்கணும்னு எழுதலாம்.

அடுத்தது லேடர், அதாவது பாயிண்ட் பட்டியல். வாரா வாரம் அதை பார்க்காதீங்க, ஆனா பார்க்கிறப்ப பெர்சென்டேஜையும் சேர்த்து பாருங்க. ஜெயிச்சா லேடர்ல 4 பாயிண்ட், டிரா ஆனா 2, தோத்தா ஒண்ணும் கிடையாது, இது எல்லாருக்கும் தெரியும். பெர்சென்டேஜ்னா நம்ம டீம் சீசன்ல அடிச்ச மொத்த ஸ்கோரை நமக்கு எதிரா அடிச்ச ஸ்கோரால வகுத்து நூறால பெருக்கினது, 100 அடிச்சு 120 விட்டா 83.3. ஜெயிக்கவே ஜெயிக்காத டீமுக்கு இந்த நம்பர் ஒண்ணுதான் வாரா வாரம் நகரும். ஸ்கோர்ல 80 பாயிண்ட்ல தோக்குறதும் 12 பாயிண்ட்ல தோக்குறதும் பேப்பர்ல ஒரே தோல்விதான், ஆனா பெர்சென்டேஜ்ல தனித்தனியா நிக்கும், அதனாலதான் முப்பது பாயிண்ட் பின்னாடி இருக்கிறப்ப கடைசி நிமிஷத்துல அடிக்கிற கோலுக்கும் எழுந்து கத்தணும்னு சொல்றேன். இது 2023ல எப்படி வேலை செஞ்சதுன்னு கீழ வர்றேன்.

மேட்ச்சை மொத்தமா பார்க்காம நாலா பிரிச்சு பாருங்க. க்வார்ட்டர் ஒண்ணு 20 நிமிஷம்னு பேரு, நிறுத்தின நேரம் எல்லாம் சேர்த்தா முப்பது கிட்ட வந்துடும், ஒவ்வொரு க்வார்ட்டருக்கும் ஸ்கோரை ஜீரோல இருந்து தனியா போன்ல குறிச்சுக்கோங்க. ஒரு இளம் டீம் ரெண்டு மணி நேரமும் மோசமா ஆடி தோக்குறது ரொம்ப கம்மி, நடுவுல எங்கயோ ஒரு பத்து நிமிஷத்துல வரிசையா நாலஞ்சு கோல் விட்டுடும், அவ்ளோதான் மேட்ச் போயிடும். ஏன் அப்படி ஆகுதுன்னா, கோல் விழுந்த உடனே பந்து திரும்ப சென்டருக்கு வருது, கோல் வாங்கின டீமுக்கு பந்து கைல கிடைக்கிறது இல்ல, ரெண்டு ரக் மேனும் (எம்பி பந்தை தன் ஆளுக்கு தட்டி விடற உயரமான ஆளுங்க) மறுபடி சமமா போட்டி போடணும். அங்க தொடர்ந்து எதிர் டீமே எடுத்தா, கோல் அடிச்சவனே பந்தை எடுத்து இன்னொரு கோலும் அடிப்பான். அதனால நார்த் ஒரு கோல் விட்டதும் ஸ்கோர்போர்டை பார்க்காதீங்க, சென்டரை பாருங்க. நம்ம ரக் மேன் ஷெர்ரி எம்பி தட்டினாரா, மிட்ஃபீல்டர் டேவிஸ் யூனியாக்கி கைக்கு வந்துச்சா, வந்த பந்தை எடுத்துட்டு வெளிய ஓட முடிஞ்சதா, இல்ல அவசரமா உதைச்சு எதிராளி கைலயே கொடுத்தாங்களா. ஒரு மாசம் இப்படி பார்த்தீங்கன்னா டீம் முன்னேறுதா இல்லையான்னு யாரையும் கேட்காம உங்களுக்கே தெரியும்.

2024 ஜூன்ல மார்வெல் ஸ்டேடியத்துல நடந்த காலிங்வுட் மேட்ச்சை திரும்ப போட்டு பார்க்கச் சொல்வேன், மனசு கேட்காதுன்னு தெரியும், ஆனா பாருங்க. அதுக்கு முந்தின வருஷம் கப் வாங்கின டீமுக்கு எதிரா நார்த் 54 பாயிண்ட் முன்னாடி இருந்தாங்க. கடைசில 1 பாயிண்ட்ல தோல்வி. அந்த முன்னிலை எப்படி கரைஞ்சதுங்கிறதை மட்டும் நிறுத்தி நிறுத்தி பார்த்தா ஒரு சீசனுக்கான பாடம் அதுல இருக்கு, முன்னாடி இருக்கிறப்ப பந்தை நிதானமா வச்சு நேரத்தை ஓட்டத் தெரியறதுக்கு நூறு மேட்ச் ஆடின ஆளுங்க நாலு பேர் வேணும். அந்த அளவு அனுபவம் டீம்ல பரவலா இல்ல. ஆனா 54 பாயிண்ட் முன்னாடி போனதும் அதே பசங்கதானே, அதை யாரும் பேசறதே இல்ல.

தோத்த காரணத்தை தேடறப்ப அம்பயர் தலைல போடற பழக்கத்தை விட்டுடுங்க. 2023 மே மாசம் சிட்னி கூட ஆடின மேட்ச் ஞாபகம் இருக்கும், ஒரு மேட்ச்ல 75 தடவைதான் ஆள் மாத்தலாம்னு ரூல், நார்த் அதுக்கு மேல ஒண்ணு மாத்திட்டாங்க, சிட்னிக்கு ஃப்ரீ கிக் போச்சு, அது கோலாவும் ஆச்சு, மேட்ச் 3 பாயிண்ட்ல போச்சு. கீழ இருக்கிற டீமை கொல்றது இந்த மாதிரி சின்ன சின்ன ஒழுங்குதான்.

ஒரு ஆளை மட்டும் பிடிச்சுக்கிட்டு சீசன் முழுக்க அவர் பின்னாடி போறது இன்னொரு வழி, எனக்கு இதுதான் ரொம்ப உதவியா இருந்துச்சு. ஹாரி ஷீசலை எடுத்துக்கோங்க. 2022 டிராஃப்ட்ல (கிளப்புங்க முறை போட்டு இளம் வீரர்களை எடுக்கிற நாள்) மூணாவது பிக், முதல் வருஷமான 2023லயே டிஃபென்ஸ்ல இருந்து பந்தை வெளிய கொண்டு வர்ற வேலையை கொடுத்தாங்க, அந்த வருஷம் லீக்ல சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டாரும் வாங்கினாரு, கிளப்போட சிறந்த வீரருக்கான சிட் பார்க்கர் மெடலும் வாங்கினாரு. ஜெயிச்சது மூணே மேட்ச், ஆனா அவர் கால்ல இருந்து போற பந்தை மட்டும் பார்த்தவங்களுக்கு அது வெறும் சீசனா போகல. அதே வருஷம் நம்ம ஃபார்வர்ட் நிக் லார்க்கி 71 கோல். டிவில அந்த நம்பரை சும்மா படிச்சுட்டு போயிடறாங்க, கொஞ்சம் யோசிச்சு பாருங்க, கடைசி ரெண்டு இடத்துல இருக்கிற டீமுக்கு பந்து முன்பக்கம் வர்றதே கம்மி, வர்ற பந்தும் நல்லா வராது, ரெண்டு மூணு பேர் சுத்தி நிப்பாங்க, அதுல இருந்து 71 எடுக்கிறதும் முதலிடத்து டீம்ல நின்னு 71 எடுக்கிறதும் ஒண்ணு கிடையாது. அந்த வருஷத்து சிறந்த வீரர்களை வச்சு அறிவிக்கிற ஆல் ஆஸ்திரேலியன் டீம்லயும் அவரை எடுத்தாங்க.

இப்ப 2023க்கு வரேன், ஏன்னா தோக்குற டீமோட ரசிகரா இருக்கிறவங்க கண்டிப்பா ஒரு நாள் சந்திக்கப் போற கேள்வி அங்கதான் வந்துச்சு: தோத்தாதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றப்ப என்ன பண்றது?

அந்த சீசன் ரவுண்ட் 1ல வெஸ்ட் கோஸ்டை ஜெயிச்சோம், ரவுண்ட் 2ல பெர்த் போய் ஃப்ரீமேன்டிலை 1 பாயிண்ட்ல ஜெயிச்சோம், கிளார்க்சன் கோச்சா வந்தாச்சு எல்லாம் மாறிடுச்சுன்னு நினைச்சோம், அப்புறம் வரிசையா 20 தோல்வி. நடுவுல மே மாசம் கிளார்க்சன் உடல் மன நலத்துக்காக லீவ்ல போனாரு, பிரெட் ராட்டன் பார்த்துக்கிட்டாரு, ஆகஸ்ட்ல திரும்ப வந்தாரு. கடைசி ரவுண்ட் ஹோபார்ட்ல கோல்ட் கோஸ்ட் கூட. டிராஃப்ட்ல கடைசி இடத்துக்காரருக்குத்தான் முதல் பிக், அந்த வருஷம் முதல் பிக்னா ஹார்லி ரீட்னு எல்லாருக்கும் தெரியும், நார்த் தோத்தா கடைசி இடம் நமக்குத்தான். வேலை செய்ற இடத்துல, ட்ரெயின்ல, எங்க பார்த்தாலும் "தோத்துடுங்கப்பா, ரீட் கிடைப்பான்"னு ஒரே பேச்சு. நார்த் 35 பாயிண்ட்ல ஜெயிச்சாங்க, லார்க்கி மட்டும் 9 கோல். நார்த்தோட மூத்த வீரர்கள் ஜீபெல், கன்னிங்டன் ரெண்டு பேரும் ஓய்வு பெற்ற வருஷம் அது. அந்த ஜெயிப்பால வெஸ்ட் கோஸ்டும் நார்த்தும் ஆளுக்கு மூணு வெற்றின்னு சமமா வந்தாங்க, அங்கதான் பெர்சென்டேஜ், வெஸ்ட் கோஸ்ட் அந்த வருஷம் சிட்னிகிட்ட 205க்கு 34, அதாவது 171 பாயிண்ட்ல தோத்த டீம், அதனால அவங்க 18, நாம 17, ரீட் அவங்களுக்கு போனாரு.

நான் சொல்றது ஒண்ணுதான், அந்த சைரன் அடிச்சப்ப சந்தோஷப்பட்டவங்க சரியா இருந்தாங்க. தோல்வியை வேண்டிக்கிட்டு மேட்ச் பார்க்க ஆரம்பிச்சா அதுக்கப்புறம் எந்த மேட்ச்சையும் முழு மனசோட பார்க்க முடியாது. அதோட கணக்கும் அப்படி சொல்லல. 2021ல கடைசி இடத்துக்கு கிடைச்ச முதல் பிக்ல எடுத்த ஹார்ன் ஃபிரான்சிஸ் ஒரே சீசன்ல போர்ட் அடிலெய்டுக்கு போயிட்டாரு, மூணாவது பிக்ல வந்த ஷீசல் கிளப்போட முகமாவே ஆயிட்டாரு. 2009ல வேணும்னே தோத்தாங்களான்னு மெல்போர்ன்ங்கிற இன்னொரு கிளப் மேல விசாரணை நடந்துச்சு, வேணும்னே தோத்ததா முடிவு வரல, ஆனாலும் 2013ல 5 லட்சம் டாலர் ஃபைன் போட்டாங்க, அந்த காலத்துல வந்த பிக்கெல்லாம் வச்சுக்கிட்டும் அவங்க கப் தூக்கினது 2021லதான். அதனால யாராவது தோத்தா நல்லதுன்னா, சண்டை போடாதீங்க, இந்த பேரை எல்லாம் வரிசையா சொல்லிட்டு ஜெர்சியை போட்டுட்டு கிளம்புங்க.

மெம்பர்ஷிப் பத்தி நிறைய பேர் கேட்கறாங்க, தோக்குற டீமுக்கு எதுக்கு காசுன்னு. 2007ல நார்த்தை கோல்ட் கோஸ்டுக்கு மாத்தறதுக்கு லீக்கை நடத்துற ஏஎஃப்எல் ஆஃபர் கொடுத்துச்சு, கிளப் வேணாம்னு சொல்லி தன் சொந்த இடமான ஆர்டன் ஸ்ட்ரீட்லயே இருந்துச்சு. 1869ல ஆரம்பிச்ச கிளப் இன்னிக்கு அதே பேர்ல இருக்குன்னா மெம்பர்ஷிப் கட்டினவங்களாலதான், 2022ல ரெண்டே மேட்ச் ஜெயிச்சு கடைசில முடிச்ச வருஷம்தான் முதல் முறையா மெம்பர்கள் 50,000 தாண்டினாங்க, அந்த நம்பரை நினைச்சா எனக்கு இன்னிக்கும் தொண்டை அடைக்கும். எல்லா மேட்ச்சும் போக முடியாதவங்க மூணு மேட்ச் பேக்கேஜ் மாதிரி சின்னதா எடுங்க, அதுவும் மெம்பர் கணக்குதான். பசங்களுக்கு தனியா எடுத்து கொடுங்க.

பசங்கன்னதும், ஸ்கூல்ல காலிங்வுட் பிள்ளைங்க கிண்டல் பண்ணி அழுதுட்டு வந்தா "அடுத்த வாரம் ஜெயிப்போம்"னு சமாதானம் சொல்லாதீங்க, தோத்தா உங்க பேச்சை அப்புறம் நம்ப மாட்டாங்க. அதுக்கு பதிலா ஆர்டன் ஸ்ட்ரீட்ல ரசிகர்களை விடற ட்ரெய்னிங் நாள் இருக்கும், அன்னிக்கு கூட்டிட்டு போங்க, மெட்ரோ டனல் திறந்ததுல இருந்து ஆர்டன்னு ஸ்டேஷனே இருக்கு. கிட்ட போய் பார்த்து, கையெழுத்து வாங்கி, ஒரு வார்த்தை பேசின பிளேயர் மேல வர்ற பாசம் லேடரை பார்த்து வர்றது இல்ல. பிளேயர்களை திட்டி அவங்க பக்கத்துல மெசேஜ் போடறதை மட்டும் வீட்ல யாரும் பண்ணக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லி வைங்க, பத்தொன்பது வயசு பையன் அதை ராத்திரி படிப்பான்.

கப் பார்க்கணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம், நார்த்துக்கு பெண்கள் டீம் இருக்கு, அவங்க 2024லயும் 2025லயும் ஏஎஃப்எல்டபிள்யூ (பெண்கள் லீக்) கப் வாங்கினாங்க, ரெண்டு சீசன்லயும் ஒரு மேட்ச் கூட தோக்கல, ரெண்டு ஃபைனல்லயும் பிரிஸ்பேனை ஜெயிச்சாங்க. அந்த டீம்ல ஜாஸ்மின் கார்னர் ஆடறதை ஒரு தடவை நேர்ல பாருங்க. ஆண்கள் டீம் தோக்குற கவலைக்கு மருந்தா மட்டும் அதை பார்க்காதீங்க, அது தனியா பார்க்க வேண்டிய டீம், அதே ஜெர்சி, அதே கிளப், அதுவும் நம்மளுதுதான்.

ஆகஸ்ட் கடைசில சீசன் முடிஞ்சதும் மார்ச்ல எழுதி வச்ச மூணு விஷயத்தை எடுத்து டிக் போடுங்க, டிக் விழாததுக்கு பக்கத்துல காரணம் ஒரு வரி. அப்போ ஏஎஃப்எல்டபிள்யூ சீசன் ஓடிக்கிட்டு இருக்கும், அதுக்கு போங்க, அக்டோபர்ல டிரேட் (கிளப்புங்க வீரர்களை மாத்திக்கிற நேரம்), நவம்பர்ல டிராஃப்ட், டிராஃப்ட் அன்னிக்கு நார்த் யாரை எடுத்தாலும் அந்த பையன் ஜூனியர்ல ஆடின மேட்ச் வீடியோ ரெண்டாவது பார்த்து வைங்க, மார்ச்ல அவன் முதல் தடவை பந்தை தொடறப்ப எந்த கால்ல உதைப்பான்னு உங்களுக்கு தெரிஞ்சிருக்கும்.