பழைய மேசை வாள் வாங்குமுன் அடியில் பாருங்கள்

திருகோணமலையில் பழைய மேசை வாள் (மேசை நடுவே சுழலும் வட்டப் பிளேட்டால் மரம் அறுக்கும் இயந்திரம்) பார்க்கப் போனால் மேற்தட்டுக் கறளுக்குப் பயப்படாதீர்கள். கடற்காற்றில் வார்ப்பிரும்பு கறள் பிடிக்கத்தான் செய்யும். மண்ணெண்ணெய் தடவி 240 நம்பர் எமரித் தாளால் தேய்த்தால் மேற்கறள் போய்விடும். மேசையின் அடியைத்தான் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிளேட்டை ஏற்றி இறக்கிச் சாய்க்கும் வார்ப்புப் பாகங்களில் வெடிப்போ வெல்டிங் தடமோ இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பாகங்களுக்கு மாற்றுத் தேடுவது பெரும்பாடு.

பிளக்கைக் கழற்றி, பெல்ட்டையும் எடுத்துவிட்டு, பிளேட் பூட்டும் தண்டை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அநேகமாகப் பெயாரிங் தேய்ந்திருக்கும். அதன் நம்பரைச் சொன்னால் கடையில் வாங்கலாம், பெரிய குறையல்ல. தண்டே தேய்ந்திருந்தால் லேத் வேலை, செலவு கூடும்.

பெயர்த் தகடு இல்லையா? வாள் எங்கே செய்ததென்று அறிய, பிளேட் பூட்டும் தண்டின் விட்டத்தை அளந்து பாருங்கள். 5/8 அங்குலம் என்றால் பெரும்பாலும் அமெரிக்கத் தயாரிப்பு, 30 மி.மீ. என்றால் ஐரோப்பியத் தயாரிப்பு.

மோட்டர் தகட்டில் 115 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்றிருந்தால் நம்முடைய 230 வோல்ட்டில் நேரே கொடுக்கக்கூடாது, எரிந்துவிடும். டிரான்ஸ்போமர் போட்டாலும் 50 ஹேர்ட்ஸில் நிமிடத்துக்கு 3450 சுற்று என்பது ஏறத்தாழ 2875 ஆகக் குறையும், மோட்டரும் கூடுதலாகச் சூடாகும். மூன்று பேஸ் மோட்டர் என்றால் வீட்டுக் கரண்டுக்கு மாற்றும் செலவை விலையில் கழித்தே பேசுங்கள்.

பல பழைய வாள்களில் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் பிரிப்புத் தகடு இருக்காது. அது இல்லாமல் நீளவாக்கில் அறுத்தால் பலகை பிளேட்டை இறுக்கி, உங்கள் பக்கமே பாயக்கூடும். அதைப் பூட்டிய பிறகே வேலை தொடங்குங்கள்.